கியூசி அக்கா பார்த்துக் கொடுத்த லெப்டாப்

கல்யாண மண்டபத்தில் நாற்காலியைக் கண்டால் எல்லாரும் உட்காருவார்கள். கியூசி அக்கா கவிழ்ப்பார். நான்கு காலையும் தட்டுவார். முதுகுப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குவார். கடைசியாக நட்ட நடுவில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. மனசுக்குப் பிடித்தால் "பாஸ்" என்று சொல்லிவிட்டு உட்காருவார். பிடிக்காவிட்டால் அந்த நாற்காலி வரிசையை விட்டே வெளியே போய்விடும்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, நல்ல வாட்டசாட்டமான மனிதர், அக்கா ஒதுக்கி வைத்த நாற்காலியில் வேண்டுமென்றே போய் உட்கார்ந்தார். மண்டபமே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. பாயசம் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டு கை கழுவப் போனார். அக்கா எழுந்து போய் அந்த நாற்காலியை மறுபடியும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்:

"ஆளு பாஸ். நாற்காலி ரிஜெக்ட்தான்."

அந்தச் சமயத்தில் நான் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ரவாங்குக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு என் முதுகுக்குப் பின்னால் உள்ள சீட்டு. எலக்ட்ரானிக் சாமான் செய்யும் தொழிற்சாலையில், செய்து முடித்ததைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை. நீலச் சட்டையின் பையில் 'கியூசி' என்று தைத்திருக்கும். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், என் வீட்டுக்கு நேர் எதிர் வரிசையில் குடியிருந்தார். அப்படியும் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்றால் பாருங்கள்.

தொழிற்சாலைக்குள் செய்யும் வேலையை மனுஷி வெளியேயும் கழற்றி வைக்கமாட்டார். பஸ்ஸில் ஏறும்போது கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். ஒரு நாள் சொன்னார்:

"தம்பி, மூணாவது கியர்ல உன் பஸ்ஸு அழுவுது."

நான் பயந்துபோய்ப் பட்டறைக்குக் கொண்டு போனேன். மெக்கானிக் படுத்துப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, ஓட்டியும் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "அப்ப மெக்கானிக்கைச் செக் பண்ணணும்," என்றார்.

புருஷனைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். கேட்கக்கூடாதுதான், வாய் சும்மா இருக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேக்கிங் நல்லா இருந்துச்சி தம்பி." அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட காலம் ஒன்று வந்ததே, அப்போதுதான் அக்காவுக்குத் தாமானில் மவுசு ஏறியது. வீட்டுக்கு வீடு லெப்டாப் வேண்டும். எதை வாங்குவது என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரர் எல்லாமே நல்லது என்பார். பிள்ளைகள் பளபளப்பானது நல்லது என்பார்கள். கோல சிலாங்கூர்க் கடைக்குப் போகிறவர்கள் அக்காவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள், பொண்ணு பார்க்கப் போகும்போது பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி.

கம்பெனிப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அக்காவே கம்பெனிப் பெயர் சொல்லமாட்டார். அவர் வைத்த பெயர்கள் வேறு.

மெல்லிய உடம்பு, வெள்ளி நிறம், தொட்டால் சில்லென்று இருக்கும் லெப்டாப் இருக்கிறதே, அது துரைசானி. "உடம்பு உறுதி. ஒரு விரலால தூக்கினா வாய் திறக்கும். பேட்டரி காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நிக்கும். எல்லாம் சரி. ஆனா சளி புடிச்சா நம்ம ஊரு டாக்டர்கிட்ட காட்டாது. கோலாலம்பூருக்குத்தான் போவேங்கும்."

சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும் விளையாட்டு லெப்டாப்புக்குக் காவடி என்று பெயர். "வேகம் இருக்கு, இல்லேங்கல. தூக்குறவனுக்குத்தான் தோள் வலி தெரியும். பக்கத்துல நிக்கிறவனுக்கு ஆட்டம் மட்டும்தான் தெரியும். ரெண்டு மணி நேரத்துல பேட்டரி படுத்துரும், விசிறி போடுற சத்தத்துல டீச்சர் பேசுறது கேக்காது."

விலை மலிவான மெல்லிய பிளாஸ்டிக் வகையெல்லாம் பாசார் மாலாம். "ராத்திரிச் சந்தையில வாங்கலாம். காலையில போயி கேட்டா அங்க கடையே இருக்காது."

திரையை முழுக்கப் பின்னால் மடக்கிப் பலகை மாதிரி ஆக்கலாம் என்று விளம்பரம் செய்வார்களே, அதற்குச் சர்க்கஸ் என்று பெயர் வைத்தார். ஆனால் அதைப் பற்றி மட்டும் அக்கா அதிகம் பேசமாட்டார். "அது வேண்டாம், அடுத்ததைக் காட்டு," என்று தாண்டிப் போய்விடுவார்.

கடைசியாக, கடையின் மூலையில் தூசு படிந்து உட்கார்ந்திருக்கும் கறுப்பு லெப்டாப். ஆபீஸ்காரர்களுக்கென்று செய்தது. அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதுதான் அக்காவின் செல்லம். கிராணி என்று பெயர்.

"எஸ்டேட் ஆபீஸ்ல கிராணி எப்படி இருப்பாரு? சிரிக்கமாட்டாரு. பவுடர் போடமாட்டாரு. ஆனா மழையோ இடியோ, நேரத்துக்கு ஆபீஸ் தெறந்திருக்கும்."

என் மகள் ரேணு, பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத்தில் சேர்ந்தபோது நானும் அக்காவை ஏற்றிக்கொண்டு போனேன். ரேணுவுக்குச் சின்ன வயதிலிருந்தே டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. எனக்கும் அந்த ஆசைதான். காலையில் என் பஸ்ஸில் யார் ஏறினாலும் எனக்குச் சந்தோஷம். என் மகள் மட்டும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஏறிவிடக்கூடாது என்று ஒரு பிடிவாதம். இதை அக்காவிடமே சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏன், உன் பஸ்ஸு அவ்வளவு மோசமா?" என்றார்.

கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, சீனர். அவர் அப்பா எஸ்டேட் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும். அக்கா தலையைக் கண்டதும் மேஜையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"அக்கா, மெதுவா லா. போன தடவை மாதிரி..."

"போன தடவை கதை இப்ப எதுக்கு? எடு வெளிய."

ரேணு அதற்குள் துரைசானியின் பக்கம் போய் நின்றுவிட்டாள். இளநீலத்தில் ஒன்று இருந்தது. அதைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் விழுந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அக்கா எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

சோதனை ஆரம்பித்தது. ஒவ்வொன்றையும் மூடி, ஒரு விரலால் திறந்தார். அடிப்பாகம் கூடவே தூக்கிக்கொண்டு வந்தால் உதட்டைப் பிதுக்கினார். கீபோர்டின் நட்ட நடுவில் கட்டைவிரலை ஊன்றினார். குழி விழுந்தால் ரிஜெக்ட். ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்தார்; கிரீச் என்றால் ரிஜெக்ட். மணிக்கட்டு படும் விளிம்பை விரலால் தடவினார். திரையில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தார். "தெரியக்கூடாது. வீட்டுல விளக்கைப் போட்டா படிக்கிற பிள்ளைக்குத் தன் மூஞ்சிதான் தெரியும்."

"வெயிட்டா இருந்தா நல்லதுதானேக்கா?" என்று நானும் என் பங்குக்குக் கேட்டு வைத்தேன்.

"வெயிட்டுக்கும் வலுவுக்கும் சம்பந்தம் இல்ல தம்பி. எஸ்டேட்ல வேலை வாங்குற நம்ம மண்டோருக்கும்தான் வயிறு பெருசு. ஒரு செம்பனைக் குலை தூக்கச் சொல்லு பாப்போம்."

தவுக்கே வாரண்டிக் காகிதத்தை நீட்டினார். அக்கா அதை இரண்டு விரலால் வாங்கி என்னிடம் கொடுத்தார். "இது மாமனார் வீட்டு மரியாதை. மொத வருசம் நல்லா இருக்கும். அதுக்கு அப்புறம் எங்க கொண்டு போவணும், அதைச் சொல்லு."

"கிராணின்னா நானே பார்ப்பேன். பார்ட்ஸ் இருக்கு," என்றார் தவுக்கே. அவரும் கிராணி என்றே சொல்லப் பழகிவிட்டிருந்தார்.

அக்கா கறுப்பைக் கவிழ்த்தார். அடியில் திருகுகள் வரிசையாக இருந்தன. "பாரு, நாளைக்கு உள்ள ஏதாச்சும் சேக்கணும்னா கழட்டலாம். துரைசானிக்கு எல்லாம் உள்ளயே ஒட்டிருக்கும். இதுல டீ ஊத்தினாலும் அடியில இந்த ஓட்டை வழியா வடிஞ்சிடும். அப்புறம் இதைப் பாரு." திரைக்கு மேலே, கேமராவின் பக்கத்தில், நெல்மணி அளவில் ஒரு குமிழ். அதைத் தள்ளினார். கேமராவின் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குட்டிக் கதவு நகர்ந்தது. "கண்ணுன்னு இருந்தா இமை வேணும். பொம்பளப் பிள்ளை இருக்குற வீடு."

ரேணு கடைசியாக ஒரு முயற்சி செய்தாள். "அத்தை, இது தாத்தா ஷூ மாதிரி இருக்கு."

"தாத்தா ஷூ எத்தனை வருசம் உழைச்சிச்சி?"

கிராணி வீட்டுக்கு வந்தது. பூப்பூவாக ஸ்டிக்கர் ஒட்டி அதன் கறுப்பை மறைக்கப் பார்த்தாள். இடி விழுந்து தெருவில் பாதி வீட்டு இன்டர்நெட் பெட்டி செத்தது, கிராணி சாகவில்லை. எறும்பு குடியேறியது, காலி செய்தது. ஒரு நாள் ரேணு உண்மையிலேயே டீயைக் கொட்டினாள். வடிந்தது. அன்றைக்கு அவள் எதிர் வீட்டைப் பார்த்த பார்வையில், தோற்றவர்களுக்கு வரும் ஒரு மரியாதை இருந்தது.

அக்கா சொன்னதெல்லாம் பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டு மணியம் அவரைக் கேட்காமல் ஒரு மலிவு டேப்லெட் வாங்கினார். அக்கா அதை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, "ஆறு மாசம் தாங்காது," என்றார். வருஷங்கள் போயின. டேப்லெட் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா வாசலைத் தாண்டும்போதெல்லாம் மணியம் அதைத் தூக்கிக் காட்டுவார். "இன்னும் ஓடுது லா அக்கா!"

"டெஸ்ட் இன்னும் முடியல மணியம்," என்பார் அக்கா, நடையை நிறுத்தாமல்.

இப்போது அக்கா கலும்பாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். போன் செய்தால், மகன் வாங்கியிருக்கும் ரொட்டி சுடும் மிஷினில் என்ன குறை என்று ஆரம்பித்துவிடுவார். அது கிடக்கட்டும். அவர் இங்கே இருந்தபோது ஒரு சரஸ்வதி பூஜையன்று நடந்ததைச் சொல்லவேண்டும்.

ரேணு ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப்போட்டாள். முதல் தடவை நேர்காணல் வரைக்கும் போய் நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவையும் இல்லையென்றால் தொழிற்சாலைக்கு மனு போடுகிறேன், அக்கா பக்கத்துச் சீட்டு காலியாகத்தானே இருக்கிறது என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேர்காணல் இன்டர்நெட் வழியாக. ஒரு சின்னப் பாடத்தைத் திரையில் காட்டி நடத்தவேண்டும். லெப்டாப்தான் வேண்டும், போனும் டேப்லெட்டும் கூடாது என்று எழுதியிருந்தார்கள். நாள் பார்த்தால் விஜயதசமி காலை. இதைவிட நல்ல நாள் வேண்டுமா என்று என் மனைவிக்கு ஒரே பூரிப்பு.

எங்கள் தாமான் கோடியில் ஒரு சின்ன அம்மன் கோயில். சரஸ்வதி பூஜைக்குப் பிள்ளைகளின் புத்தகங்களை அங்கே அடுக்கி வைப்போம். மறுநாள் காலைப் பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும், அதுவரை தொடக்கூடாது. லெப்டாப் வந்த பிறகு புத்தகங்களோடு லெப்டாப்பும் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வருஷம் எங்கள் வரிசை, எதிர் வரிசை எல்லா வீட்டிலிருந்தும் வந்துவிட்டன. எல்லாம் அக்கா பார்த்துக் கொடுத்தவை என்பதால், எல்லாமே கிராணி. வாய் திறந்து வரிசையாக அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அக்காதான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்கெல்லாம் அவர்தான் பொட்டு வைப்பார். ஒரு பெண் கீபோர்டில் வைக்கப் போனாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"வாயில யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? நெத்தி எதுன்னு பாத்து வைக்கணும்."

லெப்டாப்புக்கு நெற்றி எது? திரைக்கு மேலே, நட்ட நடுவில். யாரைக் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். மஞ்சளும் பன்னீரும் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அந்தக் கட்டைவிரலில் எடுத்து ஒவ்வொரு நெற்றியிலும் ஊன்றி ஊன்றி வைத்துக்கொண்டே போனார். அதன் மேல் குங்குமம். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. நானே படம் எடுத்தேன்.

மறுநாள் காலைப் பூஜை முடிந்ததும் கிராணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தோம். ரேணு சேலை கட்டித் தயாராக இருந்தாள். திறந்தாள், எல்லாம் வந்தது. அவள் முகம் மட்டும் வரவில்லை. திரையில் ஒரே இருட்டு.

அப்போதுதான் மூவரும் பொட்டைப் பார்த்தோம். வேலை இல்லாதபோது மூடியே வைக்கும் குட்டிக் கதவின் மேல் சந்தனம் ஏறி, அது நகரும் பள்ளத்துக்குள் புகுந்து, ராத்திரி முழுக்கக் காய்ந்து, சிமெண்டு மாதிரி ஆகியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். மேலே போனது, பள்ளத்தில் இருந்தது போகவில்லை. என் மனைவி கொண்டை ஊசியால் குமிழைத் தள்ளினாள். குமிழ் டிக்கென்று உடைந்து வந்து அவள் கையில் உட்கார்ந்தது. கதவு மூடியது மூடியபடியே.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். எதிர் வரிசைக்கு ஓடினேன். எல்லா வீட்டுக் கிராணிக்கும் நெற்றி நிறையப் பொட்டு, எல்லாவற்றுக்கும் கண் மூடியிருந்தது. கண்ணுன்னு இருந்தா இமை வேணும் என்று தாமான் முழுக்க ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்ததன் பலன். மணியம் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்தா, இது நல்லா இருக்கு! எதுக்கு வச்சிருக்கேன்?" கூடாது என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே வாய்ப்பு அப்படிப் போனது.

ரேணு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை போல இருந்தது.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். கிராணியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கதவைத் தொட்டார். உடைந்த குமிழைப் பார்த்தார். மிஷின் மட்டம் என்று சொல்லியிருக்கலாம். சந்தனம் யார் குழைத்தது என்று கேட்டிருக்கலாம்.

"மிஷின் தப்பு இல்ல. ஆப்பரேட்டர் தப்பு," என்றார். தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "இந்த ஆப்பரேட்டர்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனார்.

திரும்பி வரும்போது கையில் பூப்போட்ட பாத்தேக் கைலியில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. அதை மேஜையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு லெப்டாப். அக்காவிடம் சொந்தமாக லெப்டாப் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அதுவும் அது கிராணி இல்லை. சர்க்கஸ்.

"அத்தை, இது..."

"கடையில நாந்தான் உடைச்சேன். மடக்குறது எப்படின்னு பாக்குறேன்னு மாத்தி முறுக்கிட்டேன். ரெண்டு பக்கக் கீலும் போச்சி. தவுக்கே பாவம், ஒண்ணும் சொல்லல. நானே காசைக் குடுத்து எடுத்துட்டு வந்துட்டேன். ரிஜெக்ட் ஆனதை எப்படி வெளிய காட்டுறது? அதான் கோயிலுக்கும் கொண்டு வரல. சும்மா பாத்துட்டு நிக்காத, பிளக்கைப் போடு."

கோயிலுக்கு வராததால் அதன் நெற்றி மட்டும் சுத்தமாக இருந்தது. கேமரா பளிச்சென்று வேலை செய்தது. ஆனால் திரை தானாக நிற்கவில்லை. விட்டால் முன்னால் விழுந்தது, இல்லையென்றால் பின்னால் மல்லாந்தது. மைலோ டின்னை முட்டுக்கொடுத்தோம். கொஞ்சம் கோணம் மாறினாலும் படம் கறுத்துப்போனது. ஒரு பதத்தில் பிடித்தால் மட்டும் தெளிவாக வந்தது. அந்தப் பதம் அக்காவின் கைக்குத்தான் தெரிந்திருந்தது.

"தள்ளு," என்றார். மேஜைக்குப் பின்னால் போய் நின்று, திரையின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ம், கூப்புடு."

அப்படித்தான் என் மகளின் நேர்காணல் நடந்தது. ரேணு கேமராவைப் பார்த்துப் பேசினாள். கேமராவுக்கு நேர் மேலே அக்காவின் முகம். நான் அடுப்படி வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்தில் மூன்று பேர், நடுவில் ஓர் அம்மா. மலாயில் கேட்டார்கள், மலாயில் சொன்னாள். பின்னப் பாடத்தை ரொட்டி சானாயைக் கிழித்துப் பங்கு போடுவது மாதிரி நடத்தினாள். அவள் பதில் நன்றாக இருந்தால் அக்காவின் புருவம் இறங்கும். வழவழவென்று போனால் உதடு பிதுங்கும். ரேணு அதைப் பார்த்து வாக்கியத்தைச் சட்டென்று முடித்துக்கொண்டதை நான் கவனித்தேன். நேரம் போகப் போக அக்காவின் கை நடுங்க ஆரம்பித்தது. திரை நடுங்கவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முடியப்போகும் நேரத்தில் அந்த அம்மா முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இத்து ஜாரி சியாப்பா?"

அது யாருடைய விரல் என்று கேட்கிறார். படத்தின் மேல் ஓரத்தில் அக்காவின் விரல் நுனிகள் தெரிந்துகொண்டே இருந்திருக்கின்றன. ரேணு உள்ளதைச் சொல்லிவிட்டாள். லெப்டாப்புக்கு நெற்றியில் பொட்டு வைத்தது, கண் மூடிக்கொண்டது, தாமானே குருடானது, எதிர் வீட்டு அத்தை உடைந்ததைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது, எல்லாம். மூன்று பேரும் சிரித்தார்கள். அத்தையைப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

அக்கா கையை விடாமலேயே மேலிருந்து குனிந்தார். திரையில் அவர் முகம் தலைகீழாக வந்து நின்றது.

"அம்மா, நீங்களே சொல்லுங்கள். இந்தப் பெண் நல்ல டீச்சராக வருவாளா?" என்று நடுவில் இருந்தவர் வேடிக்கையாகக் கேட்டார்.

வேடிக்கையாகக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ரேணுவுக்குத் தெரிந்தது. அக்கா தலைகீழாகத் தொங்கியபடி யோசித்தார். யோசிக்காதீர்கள் அக்கா, ஆமாம் என்று சொல்லுங்கள் என்று நான் அடுப்படியில் அம்மனைக் கும்பிட்டேன்.

"போலே," என்றார் அக்கா. முடியும். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தாப்பி சுவாரா கெச்சில்." ஆனால் குரல் சின்னது.

இணைப்பு துண்டானதும் ரேணு எழுந்துவிட்டாள். "அத்தை! ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கேட்டாங்களே," என்றார் அக்கா. விரல்கள் மடங்கியபடியே நின்றிருந்தன, நீட்ட வரவில்லை. "இந்தக் குரலு பின் வரிசைக்குப் போவாது பிள்ள. நான் இவ்ளோ கிட்ட நின்னேன், எனக்கே சில வார்த்தை வரல."

"சும்மா பாஸ்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சும்மா பாஸ் போட்டா அது பாஸா?"

என் மனைவிதான் தைல போத்தலை எடுத்துவந்தாள். ரேணு அதை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டே அக்காவின் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டாள். "வலிக்குதா?" என்றாள் கோபமாக. "நல்லா அழுத்து," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு முடிவு வரும்வரை இருந்த வாரங்களை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் எனக்கும் அக்காவுக்கும் பேச்சுக் குறைந்துவிட்டது. நான் கோபம் என்று சொல்லவில்லை. அவரும் தப்பு என்று சொல்லவில்லை. ஒரு நாள் இறங்கும்போது மட்டும் படியில் நின்று, "தம்பி, அவங்க காது நல்ல காதா இருந்தா எடுப்பாங்க," என்றார். ஆறுதலா அது? எனக்கு விளங்கவில்லை.

ஒரு சாயங்காலம், நான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ரேணு ஓடிவந்தாள். கையில் போன். திரையைக் காட்டினாள். நான் படித்தேன். மறுபடியும் படித்தேன். என் மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ரேணு வாசலுக்குப் போனாள். எதிர் வீட்டில் அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை! கிடைச்சிருச்சி!"

அக்கா துணிக்கூடையைக் கீழே வைத்தார். கேட்டுக்குப் பக்கத்தில் வந்தார். நடுவில் ரோடு.

"என்னா கிடைச்சிருச்சி? போட்டிருக்கறதைப் படி. அங்கேருந்தே படி."

ரேணு போனைப் பார்த்துப் படித்தாள். நேர்காணலில் தேர்வு பெற்றுள்ளீர்கள், இன்ன தேதியில் பயிற்சிக்கு வந்து சேரவும் என்று மலாயில் இருந்தது.

அக்கா காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "கேக்கல!"

ரேணு ஒரு கணம் முறைத்தாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு உரக்கப் படித்தாள். இரண்டு மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன. மணியம் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "எனக்கு நல்லா கேட்டுச்சி லா!"

"நீ சும்மா இரு மணியம். ரேணு, கேக்கல!"

மூன்றாவது முறை என் மகள் படியில் ஏறி நின்று, தொண்டை நரம்பு புடைக்கப் படித்தாள். எதிர் வரிசையும் எங்கள் வரிசையும் வாசலுக்கு வந்துவிட்டன. ஐஸ்கிரீம் விற்கிறவர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கோயில் பக்கம் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கியூசி அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் கொள்ளாத சிரிப்பு.

"கேக்கல பிள்ள," என்றார். "இன்னொரு தடவை."